கூடுதல் வாரண்டியும் ஒரு சந்தனப் பொட்டும்

"ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க மதினி. நாளைக் கழிச்சு வண்டி எடுக்கணும்" என்று பாண்டியம்மாள் வந்து நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்போதுதான் கீரை ஆய உட்கார்ந்திருந்தேன். ஷோரூமில் கொடுத்த வழவழப்பான தாளை என் மடியில் போட்டுவிட்டு, கீரைத் தட்டைத் தள்ளி வைத்து எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

பாண்டியம்மாள் என் வீட்டுக்காரரின் தங்கை. பரவையில் சமையல் காண்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறாள். பெரிய மண்டபக் கல்யாணங்கள் அவளுக்கு வருவதில்லை. காதுகுத்து, வளைகாப்பு, திருப்பரங்குன்றம் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில் பந்தி போடுகிற கல்யாணங்கள், இவைதான் அவள் பிழைப்பு. தன் கொட்டகையிலேயே சமைத்து அண்டாவோடு கொண்டுபோய் இறக்குவாள். போன ஆவணி முகூர்த்தத்தில் வாடகைக்குப் பிடித்த லோடு வண்டி பாதி வழியில் படுத்துவிட்டது. சாம்பார் அண்டா நடுரோட்டில், மாப்பிள்ளை வீட்டார் வெறும் இலைக்கு முன்னால். பெண்ணின் அப்பா அன்றைக்கு அவளைப் பேசிய பேச்சை இன்றுவரை முழுதாக என்னிடம் அவள் சொன்னதில்லை. அந்த ஹால்காரர் அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு விசேஷம்கூடச் சொல்லிவிடவில்லை.

அதனால்தான் சொந்த வண்டி. முன்னால் இரண்டு வரிசையாக ஆட்கள் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. எங்கள் பக்கம் கேம்பர் என்போம். வண்டிக்கு லோன் போட்டாகிவிட்டது. கையில் மிச்சமிருந்ததை வைத்து, சாய்த்து மாவு கொட்டுகிற பெரிய கிரைண்டர் வாங்குவதாக இருந்தாள். அதற்குள் ஷோரூம்காரன் கூடுதல் வாரண்டி என்று குறுக்கே வந்துவிட்டான். கம்பெனி வாரண்டி முடிந்த பிறகும் சில வருஷம் ரிப்பேர் செலவை ஏற்றுக்கொள்கிற ஏற்பாடு அது, தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதைக் கட்டினால் இந்த வருஷம் கிரைண்டர் கிடையாது.

"நீங்க வாரண்டி செக்‌ஷன்லயே கெடந்து முடி நரைச்சவுக. ஒரு வார்த்தையில சொல்ல மாட்டீகளா?" என்றாள்.

"ஒரு வார்த்தையில சொல்றதா இருந்தா எனக்கு எதுக்குடி சம்பளம் குடுத்தாங்க?" என்றேன். சிரித்துவிட்டாள். அவளிடம் அன்று சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

நான் ஒரு வண்டிக் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். பேரிங் எது, புஷ் எது என்று தெரியாது. வண்டிக்கு அடியில் எண்ணெய் ஓடுகிறது என்பதே தெரியாது. இரண்டு வருஷம் கிரீஸ் ஒட்டிய காகிதங்களை டைப் அடித்து அடித்தே உதிரிபாகங்களின் பெயர் பாடமாயிற்று. வாரண்டி பார்த்தவர் வேறு வேலைக்குப் போனதும் அந்த மேசையை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். ரிட்டயர் ஆகும்வரை அங்கிருந்து நான் எழுந்திருக்கவில்லை. பிறகு வாடிப்பட்டி வரைக்கும் டிரைவர்கள் என்னை "வாரண்டி அக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். என் பெயர் செல்வராணி என்பது சம்பள நாளில் மட்டும் நினைவுக்கு வரும்.

வேலை இதுதான். கெட்டுப்போன பாகத்தைக் கழற்றுவார்கள். கழுவக் கூடாது, துடைக்கக்கூடக் கூடாது. எப்படிக் கெட்டதோ அப்படியே என் முன்னால் வர வேண்டும். சிவப்பு அட்டையில் விவரம் எழுதிக் கம்பியால் கட்டி, கம்பி வலை போட்ட அறைக்குள் வைத்துப் பூட்டுவேன். கம்பெனி ஆள் வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துச் சரி என்றால், அதைக் கட்டரால் இரண்டாக வெட்டிப் போடுவோம். வெளியே போய் வேறு வண்டியில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக. சரி இல்லை என்றால் வண்டிக்காரரிடம் சொல்ல வேண்டும். அங்கேதான் வம்பே.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் இப்ராகிம் சார், கோரிப்பாளையத்துக்காரர். வெள்ளைச் சட்டைதான் போடுவார், ஒர்க்‌ஷாப்பில் அதை அழுக்காகாமல் எப்படிக் காப்பாற்றினார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி மடித்து வைத்திருப்பார். பாகத்திலிருந்து எண்ணெயைத் தொட்டு அந்தத் துணியில் தடவுவார், மோந்து பார்ப்பார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அதுவரை வாயே திறக்க மாட்டார். வாரண்டி கிடையாது என்றால் ஃபோனில் சொல்ல விடமாட்டார். "இல்லைன்னு சொல்ற ஆளு கீழ இறங்கிப் போய்ச் சொல்லணும்மா. பாகத்தைக் கையில எடுத்துட்டுப் போ" என்பார். ஆபீஸ் மாடியில், ஒர்க்‌ஷாப் கீழே. அந்தப் படியில் நான் எத்தனை தடவை இறங்கியிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

முதல் தடவை இறங்கியது திருப்பரங்குன்றத்துக்காரர் ஒருவருக்காக. பந்தல், லைட் போடுகிறவர். வண்டி எடுத்த வாரமே வெளிக்கடையில் ஏர் ஹாரன், கலர் லைட்டு, பாட்டுப் பெட்டி எல்லாம் மாட்டிவிட்டார். எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டுமே. கம்பெனி ஒயரைப் பிளேடால் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். ஒருநாள் உள்ளே இருந்த கம்ப்யூட்டர் பெட்டி கருகிவிட்டது. கூடுதல் வாரண்டியும் கட்டியிருந்தார். டேப் சுற்றிய ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் போய் நின்றேன்.

"கம்பெனி குடுக்குற ஹாரன் பூனை கத்துற மாதிரி இருக்கு தங்கச்சி. அதை வச்சு மாசி வீதியில வண்டி ஓட்ட முடியுமா? நீயே சொல்லு" என்றார். நியாயம்தான். ஆனாலும் கிடையாது என்றேன். அவர் கோபத்தில் போய்விட்டார், அடுத்த மாதம் வேறு வண்டி சர்வீஸுக்கு என்னிடமே வந்தார்.

அதற்காகக் கூடுதல் வாரண்டியே ஏமாற்று என்று சொன்னால் அது பொய். ஒரு வாத்தியார் வருஷா வருஷம் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகிறவர். சர்வீஸ் தேதி தவறவே மாட்டார், வண்டியில் ஒரு பிளாஸ்டிக் பொம்மைகூட ஒட்ட மாட்டார். அவருக்கு கியர்பாக்ஸ் முழுசாகப் போயிற்று. பைசா வாங்காமல் புதுசு மாட்டிக் கொடுத்தோம். அந்த மாதிரி ஆளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம்.

"அப்ப நான் எந்த மாதிரி ஆளு?" என்று பாண்டியம்மாள் கேட்டாள்.

"இருடி, வாரேன்" என்றேன். சின்னமாயன் அண்ணன் கதையைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

சின்னமாயன் வாடிப்பட்டிக்காரர். சொந்தமாக ஒரே ஒரு கேம்பர் வைத்திருந்தார். அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடிவதற்குள் மல்லியும் கனகாம்பரமும் ஏற்றி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இறக்குவார். பூ நிற்காது, வாடிவிடும். ஒரு காலை வண்டி வரவில்லை என்றால் தோட்டக்காரர்கள் வேறு வண்டியைப் பிடித்துவிடுவார்கள், பிறகு திரும்பி வர மாட்டார்கள். அந்த வண்டியின் பின் ஆக்சில் ஒருநாள் நாலுவழிச் சாலையில் இறுகிப்போய், சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கூடுதல் வாரண்டி இருந்தது. சர்வீஸும் ஒழுங்கு.

திறந்து பார்த்தால் உள்ளே எண்ணெய் சொட்டுக்கூட இல்லை. பல்சக்கரம் நீலம் பாரித்துக் கருகியிருந்தது. ஆக்சிலின் மேல்புறம் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மூச்சுக்குழாய் இருக்கும். வண்டி ஓடி உள்ளே சூடானால் காற்று அது வழியாக வெளியே போகும். அது அடைத்துக்கொண்டால் காற்று போக வழியில்லாமல் எண்ணெயை சீல் வழியாக வெளியே தள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, மேலே புழுதி அப்பிக்கொண்டதால் யார் கண்ணுக்கும் படவில்லை. இப்ராகிம் சார் அந்தக் குழாயை ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார். மஞ்சளாக, கல் மாதிரி ஒரு துண்டு உதிர்ந்தது. துணியில் வைத்து மோந்தார்.

"சந்தனம்மா" என்றார்.

கம்பெனி ஆள், அதாவது வாரண்டி சர்வேயர், வந்து பார்த்தார். கெட்டவர் இல்லை, தெரிந்தவர்தான். "வெளிப்பொருள் அடைச்சிருக்கு. பாகத்துல கோளாறு இல்ல. சாமி கும்பிட்டதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?" என்று எழுதிவிட்டுப் போனார். அவர் எழுதியது சட்டப்படி சரி. நான் கையில் அந்தச் சந்தனக் கட்டியோடு படி இறங்கப் போனேன். "இரு, நானும் வாரேன்" என்று இப்ராகிம் சாரும் கூடவே இறங்கினார்.

சின்னமாயன் அண்ணன் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் குத்தவைத்திருந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம். இப்ராகிம் சார் அவர் பக்கத்தில் போய்க் குத்தவைத்தார். வெள்ளைச் சட்டையோடு.

"பெரியவரே, ஆயுத பூசைக்குப் பின் ஆக்சில்ல பொட்டு வச்சீகளா?"

"அங்க எதுக்கு சார் வைக்கப் போறேன்? ஸ்டியரிங்குக்கும் டயருக்கும்தான் வைப்பேன். அடியில எல்லாம் கை போகுமா?"

அந்த ஒரு வார்த்தையில் இப்ராகிம் சார் நிமிர்ந்துவிட்டார். கை போகாதுதான். வண்டி தரையில் நிற்கும்போது ஆக்சிலுக்கும் மேலே இருக்கிற தொட்டிக்கும் நடுவில் விரலை நுழைப்பதே கஷ்டம். லிஃப்டில் தூக்கினால்தான் சக்கரம் தொங்கி இடைவெளி கிடைக்கும்.

"போன ஆயுத பூசை அன்னைக்கு வண்டி எங்க நின்னுச்சு?"

"ஒங்ககிட்டத்தான். சர்வீஸுக்கு விட்டேன், பூசைக்குள்ள தந்துருவோம்னு சொல்லிட்டுத் தரல. வண்டியில்லாம என்ன பூசைன்னு வீட்ல அம்புட்டு ஏச்சு. கவலைப்படாதீக, நாங்களே பொட்டு வச்சுட்டோம்னு போர்மேன்தான் சொன்னாரு."

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அது வழக்கம். பூசை அன்று உள்ளே நிற்கிற வண்டி யாருடையதாக இருந்தாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். வந்த வண்டியை மூளியாக நிறுத்தக் கூடாது என்பார்கள். போர்மேன் முத்தையாவைக் கூப்பிட்டுக் கேட்டதும் அவர் மறைக்கவில்லை.

"ஆமா சார், லிஃப்ட்ல நின்னுச்சு. அடியில ஒண்ணு விடாம வச்சேன். பாரம் தாங்குறது ஆக்சிலுதான, அதுக்கு நல்லாப் பெருசா அப்பி வச்சேன்."

மனுஷன் பக்தியோடு செய்த காரியம். திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. முதலாளியிடம் போனோம். தப்பு நம் பக்கம் என்றால் ஒர்க்‌ஷாப் செலவில் செய்துகொடுக்கலாம், ஆனால் பொட்டு வைத்ததால்தான் கெட்டது என்று வண்டிக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார் முதலாளி. நான் போய்ச் சின்னமாயன் அண்ணனிடம் சொன்னேன். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன தாயீ பேசுற? சாமிக்கு வச்ச பொட்டால வண்டி கெட்டுச்சுன்னு நான் எழுதிக் குடுக்கவா? நாளைக்கு ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா? வண்டி போனாப் போகுது. நான் எழுத மாட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போனாப் போகுதுன்னா பூ யாரு ஏத்துவா? வீட்ல என்ன செய்வீக?" என்று கத்திவிட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனாலும் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். மாடிக்கு வந்து மேசையில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னது முட்டாள்தனம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

இப்ராகிம் சார்தான் வழி சொன்னார். "அவரு எழுத வேண்டாம்மா, நான் எழுதுறேன். ஆனா சந்தனம்னு நான் எழுதக் கூடாது. என் பேருக்குக் கீழ அந்த வார்த்தை இருந்தா ஆளாளுக்கு ஒரு அர்த்தம் பண்ணுவாங்க. முத்தையாவையும் மாட்டிவிட்ட மாதிரி ஆயிரும். 'பணிமனையில் இருந்தபோது மூச்சுக்குழாய் அடைபட்டது, பொறுப்பு என்னுடையது' அப்படின்னு அடி."

அடித்தேன். கையெழுத்துப் போட்டார். புது ஆக்சில் மாட்டி வண்டி வெளியே போகும்வரை, பூ ஏற்றுவதற்கு ஒர்க்‌ஷாப் லோடு வண்டியைத் தினமும் அவருக்குக் கொடுத்தனுப்பினார். ஒரு தோட்டக்காரரும் விட்டுப்போகவில்லை. அடுத்த வருஷம் மேலே ஒரு இடம் காலியானபோது இப்ராகிம் சார் பெயர் வரவில்லை. 'பொறுப்பு என்னுடையது' என்ற வரிதான் காரணம் என்று ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அடுத்த ஆயுத பூசைக்குப் பொரிகடலைத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முத்தையாவிடம் ஒன்று மட்டும் சொன்னார். "வண்டிக்கும் நெத்தி இருக்குல்ல முத்தையா. அங்க வச்சாப் போதும்." அந்தப் பேச்சு வாடிப்பட்டி வரைக்கும் டிரைவர்கள் வாயில் பரவிவிட்டது.

இதைக் கேட்டு முடித்த பாண்டியம்மாள் கீரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப வாரண்டி அவருக்கு ஒண்ணுமே தரல" என்றாள்.

"தரல. கீழ இறங்கி வந்த ஆளுதான் தந்தாரு. இப்ப இறங்கி வர ஆளு இருக்கான்னு பாத்துட்டு வருவோம், வா."

மறுநாள் இருவரும் ஷோரூமுக்குப் போனோம். நான் வேலை பார்த்த இடம் இல்லை, வேறு. ஏ.சி. குளிரில் விற்பனைப் பையன் பணிவாகப் பேசினான். "ரிப்பேர்னா இல்லைன்னு சொல்றது யாரு தம்பி? அவரை ஒருக்கா காட்டுங்க" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஃபோனைக் காட்டினான். ஃபோட்டோ எடுத்து இதில் ஏற்றிவிட்டால் போதும் மேடம், வேறு ஊரில் பார்த்து முடிவு சொல்லிவிடுவார்கள் என்றான். அவனைக் குறை சொல்லி என்ன செய்ய?

வெளியே இளநீர்க் கடையில் நின்று அவளிடம் கேட்டேன். "வைகாசி முகூர்த்தத்துல சர்வீஸ் தேதி வந்தா வண்டிய விடுவியா?"

"எப்படி விடுறது? அந்த ரெண்டு மாசம்தான பொழப்பே."

"ஒன் டிரைவர் மாப்ள பேட்டரியிலருந்து ஒயர் இழுக்காம இருப்பானா?"

"அவனா? கொட்டகைக்கே லைட்டு அதுலருந்து எடுக்கலாம்னு இப்பவே சொல்லிட்டிருக்கான்."

"சர்வீஸ் தப்புனாலும் போச்சு, ஒயர் இழுத்தாலும் போச்சு. அப்ப இந்த வாரண்டி ஒனக்கு முதல் முகூர்த்த சீசனைத் தாண்டாதுடி."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "மதினி, எனக்கு ரிப்பேர் செலவு கூடப் பயமில்ல. அண்டாவோட நடுரோட்டுல நிக்கிறேன் பாருங்க, அதுதான். அந்த ஆளு பேசுன பேச்சு இன்னும் காதுக்குள்ளயே கெடக்கு. இன்னொரு தடவை அப்படி நின்னா நான் கரண்டியத் தொட மாட்டேன்."

அப்போதுதான் எனக்கே விஷயம் உறைத்தது. ஆயுசு முழுக்க வாரண்டி பார்த்திருக்கிறேன், பாகம் தருமா தராதா என்றுதான் யோசித்தேன். பாகமே தந்தாலும் அன்றைக்குச் சாம்பாரைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. அங்கேயே நின்று சின்னமாயன் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். இப்போது அவரிடம் நிறைய வண்டிகள். எப்போதும் போல விடியும்போது மாட்டுத்தாவணியில் பூவை இறக்கிவிட்டுக் காலி வண்டிகள் நிற்கும். முகூர்த்த நாளில் இவள் வண்டி நின்றுபோனால் வர முடியுமா என்று கேட்டேன்.

"கேக்கணுமா தாயீ? ஒரு போன் போடச் சொல்லு" என்றார்.

பாண்டியம்மாள் கூடுதல் வாரண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு கிரைண்டரை வாங்கினாள். அவளிடம் வேலை பார்க்கும் பெண்கள் குனிந்து மாவு அள்ளுவது நின்றது. ஆனால் என் மனசு நிம்மதியாக இல்லை. நான் சொல்லி அவள் விட்டது. நாளைக்கு ஏதாவது பெரிதாகப் போனால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், எனக்கு அதுதான் கஷ்டம்.

வைகாசியில் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணம். போன ஆவணியில் அவளைக் கைவிட்ட அதே ஹால். வேறு சமையல்காரர் கிடைக்காமல் அரைமனதோடு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். துணைக்கு நானும் போனேன். விடியற்காலை காளவாசல் தாண்டியதும் புது வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. கம்பெனி வாரண்டி முழுசாக இருக்கிற வண்டி. ஷோரூம் நம்பருக்குப் போட்டால் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஒரு குரல் பாடிக்கொண்டே இருந்தது. பாண்டியம்மாள் பொங்கல் அண்டாவின் மேல் கையை வைத்துக்கொண்டு சிலையாக நின்றாள். "மதினி, திரும்பவும்..." என்றாள்.

சின்னமாயன் அண்ணனுக்குப் போட்டேன். "எங்க நிக்கிறீக? இந்தா வாரேன்" என்றார். வேறு டிரைவரை அனுப்புவார் என்று பார்த்தால் அவரே, நாங்கள் ஆக்சில் மாற்றிக் கொடுத்த அந்தப் பழைய கேம்பரை ஓட்டிக்கொண்டு வந்தார். தொட்டியெல்லாம் மல்லி உதிரி ஒட்டியிருந்தது. அண்டாக்களை மாற்றி ஏற்றி, தாலி கட்டி முடிப்பதற்குள் ஹாலில் இறக்கிவிட்டோம். முதல் பந்தியில் இலை போட்டதும் பொங்கல் ஆவி பறக்க விழுந்தது. ஹால்காரர் வந்து அண்டாவை எட்டிப் பார்த்தார். "பரவால்லயே, டயத்துக்கு வந்துருச்சு" என்றார். பாண்டியம்மாள் தூணுக்குப் பின்னால் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அவர் கிளம்பும்போது அவளால் சும்மா அனுப்ப முடியவில்லை. வாசலில் வரவேற்புக்கு வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கண்ணாடிக்கு ஒரு பொட்டு, இரண்டு விளக்குக்கும் இரண்டு, நாலு டயருக்கும் நாலு. பிறகு பின்பக்கம் போய், கையில் ஒரு பெரிய உருண்டையோடு வண்டிக்கு அடியில் குனிந்தாள். நான் சொன்ன கதை எல்லாம் அந்தச் சந்தோஷத்தில் எங்கே போனதோ தெரியவில்லை.

டிரைவர் சீட்டிலிருந்து சின்னமாயன் அண்ணன் பதறி இறங்கி ஓடிவந்தார்.

"தாயீ, தாயீ! நெத்தியோட நிப்பாட்டிக்க!"

நான் சிரித்த சிரிப்பில் கல்யாண வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். சிரிக்கச் சிரிக்க எனக்கு அழுகையும் வந்துவிட்டது. மதியம் பந்தி முடிந்ததும் கோரிப்பாளையத்துக்கு ஒரு ஃபோன் போட்டேன். இப்ராகிம் சார் எடுத்தார்.

"சார், அந்த ஆக்சில் இன்னைக்கு எங்களுக்கு ஓடுச்சு" என்றேன்.

"சத்தம் எதுவும் வந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டார்.